காய்ச்சலுக்குச் சேர்த்த அப்பாவுக்கு இதயம் ஏன் தடுமாறியது?

காலடிப்பேட்டைவாசி | நவம்பர் 18, இரவு 10.40

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு வயது 68. துறைமுகத்தில் கிரேன் இயக்கி ஓய்வு பெற்றவர். மூன்று ஆண்டுகளுக்கு முன் மாரடைப்பு வந்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். கடைசியாக எடுத்த எக்கோவில் (இதய ஸ்கேன்) பம்பிங், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு, 35 சதவீதம் என்று எழுதியிருந்தது. ஆனாலும் தினமும் காலையில் தேரடி வரை நடந்துபோய்ப் பால் வாங்கி வருகிற அளவுக்கு நன்றாகவே இருந்தார்.

சென்ற வாரம் அவருக்கும் அம்மாவுக்கும் ஒரே நேரத்தில் காய்ச்சல் வந்தது. அம்மாவுக்கு ரத்த அழுத்தம் மட்டும் உண்டு. அவர் கஞ்சி குடித்துக்கொண்டு நான்கு நாளில் எழுந்துவிட்டார். அப்பாவுக்குச் சோர்வு மிகுதியாக இருந்ததால் மூன்றாம் நாள் பக்கத்தில் உள்ள ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். தொண்டையில் எடுத்த பரிசோதனையில் இன்ஃபுளுவென்சா (ஃப்ளூ) என்று வந்தது. முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் பின்னிரவில் படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்து, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். விரலில் மாட்டிய கருவி ஆக்ஸிஜன் அளவு 86 என்று காட்டியது. ஐ.சி.யூ.வுக்கு மாற்றி, உடலில் தேங்கிய நீரை வெளியேற்றும் லேசிக்ஸ் ஊசி போட்டு, முகமூடி வழியாக அழுத்தத்தோடு காற்று கொடுத்த பிறகுதான் விடிவதற்குள் அடங்கியது.

காரணம் கேட்டபோது, “இதய நோயாளி அல்லவா, அப்படித்தான் ஆகும்” என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். டிரிப்ஸ் அளவுக்கு மீறி ஏற்றிவிட்டார்களோ என்று எனக்குக் கோபம் இருக்கிறது. நெஞ்சுச் சளியோடு வந்தவருக்கு இதயம் எப்படிக் கெட்டது? ஒரே வைரஸ் இருவரிடம் இவ்வளவு வேறுபடுமா? இன்னொன்று, எங்கள் தெருவில் இரண்டு வீட்டில் டெங்கு என்பதால் ரத்தம் மெலிதாக்கும் மாத்திரை ஆபத்து என்று யாரோ சொல்ல, அப்பா தாமாகவே அதை நிறுத்திவிட்டிருந்தார். அது சரியா, தவறா? தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ராயபுரத்து ஓய்வுபெற்ற செவிலி | நவம்பர் 19, காலை 6.15

தம்பி, இருபத்தெட்டு ஆண்டுகள் இதயப் பிரிவிலும் பொது வார்டிலும் மாறி மாறி வேலை பார்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உங்களுக்குச் சொல்லப்பட்ட அந்த ஒரு வாக்கியம் பொய் இல்லை, ஆனால் அரைகுறை. “இதய நோயாளி” என்ற ஒரே பெயரில் வார்டுக்கு வருகிறவர்களில் ரத்தக்குழாய் அடைப்பு உள்ளவர் ஒருவர், பம்பிங் குறைந்தவர் ஒருவர், வால்வு சுருங்கியவரோ செயற்கை வால்வு வைத்தவரோ ஒருவர், துடிப்பு ஒழுங்கில்லாதவர் ஒருவர். காய்ச்சல் இவர்கள் ஒவ்வொருவரையும் வெவ்வேறு இடத்தில் பிடிக்கிறது. உங்கள் அப்பா முதல் இரண்டு வகையிலும் இருக்கிறார்.

உடல் சூடு ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 கூடும். நல்ல இதயத்துக்கு அது மாடிப்படி ஏறுவது போன்ற சிறு வேலைதான். ஆனால் இதயம் தன் தசைக்கு வேண்டிய ரத்தத்தைப் பெரும்பாலும் தளர்ந்திருக்கும் நேரத்தில்தான் வாங்கிக்கொள்கிறது. துடிப்பு விரைந்தால் சுருங்கும் நேரத்தைவிடத் தளரும் நேரமே அதிகமாகக் குறுகிப்போகிறது. வேலை கூடும், கூலி குறையும். அத்தோடு நுரையீரலில் அழற்சி வந்து, ஓடுகிற ரத்தத்தில் ஆக்ஸிஜனும் குறைந்தால், ஏற்கெனவே குறுகிய குழாய்க்கு அப்பால் இருக்கும் தசை பட்டினி கிடக்கிறது. அடைப்பு புதிதாக வராமலேயே இதயத் தசை காயப்படுவது இப்படித்தான்.

புதிய அடைப்பும் வரலாம். உடல் வைரஸோடு போராடும்போது எழும் அழற்சி, குழாய்ச் சுவரில் படிந்த கொழுப்புத் திட்டின் மேல்தோலை வெடிக்கச் செய்யும். ரத்தமும் அந்த நாட்களில் எளிதில் உறையும். கனடாவின் ஒன்டாரியோவில் செய்து 2018இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், ஃப்ளூ உறுதியான முதல் 7 நாட்களில் மாரடைப்பு வரும் வாய்ப்பு, அதே மனிதர்களின் மற்ற நாட்களைவிட 6 மடங்கு இருந்தது. வார்டில் எங்களுக்கு இது எண்ணாகத் தெரியாது. மழைக்காலத்தில் இதயப் பிரிவுக் கட்டில் காலியாவதில்லை என்பதாகத்தான் தெரியும்.

இனி உங்கள் அப்பாவின் அந்த இரவு. படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்தார் என்று எழுதினீர்கள். நாங்கள் பணிக்கு வந்ததும் நோயாளியின் தலைக்குக் கீழே எத்தனை தலையணை என்றுதான் முதலில் பார்ப்போம். நேற்று ஒன்று, இன்று மூன்று என்றால் நுரையீரலில் நீர் சேர்கிறது. பம்பிங் 35 உள்ளவர் வீட்டில் உப்பையும் தண்ணீரையும் அளந்து, மிகுந்த நீரைச் சிறுநீராக வெளியேற்றும் ‘நீர் மாத்திரை’ போட்டுக்கொண்டு, ஒரு மெல்லிய சமநிலையில் நடமாடிக்கொண்டிருப்பார். காய்ச்சல் அந்தச் சமநிலையைக் குலைக்கிறது. அதன்மேல் ஒரு பாட்டில் சலைன் வேகமாக ஏறினால் போதும். சாதாரண டிரிப்ஸ் செட்டில் 20 சொட்டு ஒரு மில்லி. 500 மில்லி பாட்டிலை 8 மணி நேரத்தில் ஏற்ற நிமிடத்துக்கு 21 சொட்டுதான் விழ வேண்டும். குழாயில் உள்ள சின்னச் சக்கரத்தை விரலால் ஒரு தள்ளு தள்ளினால் அதே பாட்டில் ஒன்றரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். நோயாளியோடு இருப்பவர்கள், பாட்டில் சீக்கிரம் முடிந்தால் கழிவறைக்குப் போகலாம், தூங்கலாம் என்று அந்தச் சக்கரத்தைத் தொடுவது எங்கள் தீராத தலைவலி. கோபப்படுவதற்கு முன், அன்றிரவு பாட்டிலின் மேல் ஒட்டிய பிளாஸ்டரில் எவ்வளவு வேகம் என்று எழுதியிருந்தது என விசாரியுங்கள்.

எண்ணிப்பார்ப்பவன் | நவம்பர் 19, காலை 9.02

செவிலி அம்மா சொன்ன உடலியல் விளக்கம் தெளிவாக இருக்கிறது. எனக்கு ஐயம் எண்களில்தான். கொரோனா தொடங்கிய 2020 பிப்ரவரியில் சீனாவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெளியிட்ட கணக்கில், தொற்று உறுதியானவர்களில் இறந்தவர் 2.3 சதவீதம், இதய, ரத்தக்குழாய் நோய் உள்ளவர்களில் 10.5, நீரிழிவில் 7.3, ரத்த அழுத்தத்தில் 6.0. அன்று எல்லாத் தொலைக்காட்சிகளும் இதையே ஓதின. ஆனால் இதய நோய் யாருக்கு இருக்கிறது? பெரும்பாலும் முதியவர்களுக்கு. முதுமையின் பழியை இதயத்தின்மேல் போடுகிறோமோ என்று தோன்றுகிறது. வயதைக் கழித்துவிட்டுப் பார்த்தால் என்ன மிஞ்சும்?

ஒரு பொது மருத்துவர் | நவம்பர் 19, பிற்பகல் 2.30

எண்ணிப்பார்ப்பவன் ஐயா எழுப்பியது நியாயமான ஐயம். வயது அந்த எண்களின் பெரும்பகுதியைத் தின்றுவிடுகிறது. ரத்த அழுத்தத்துக்கு இது இன்னும் பொருந்தும். கட்டுக்குள் இருக்கும் ரத்த அழுத்தம் மட்டுமே உள்ள ஒருவர், கேள்வி கேட்டவரின் தாயாரைப் போல, எழுந்துவிடுவதில் வியப்பில்லை.

ஆயினும் வயதோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. வூஹானில் ஒரு மருத்துவமனையில் சேர்ந்த 187 கொரோனா நோயாளிகளைப் பற்றி 2020இல் வந்த கட்டுரையை நான் மாணவர்களிடம் அடிக்கடி எடுத்துக்காட்டுவேன். முன்பே இதய நோய் உண்டா என்பது ஒரு கேள்வி. இந்தக் காய்ச்சலின்போது இதயத் தசை காயப்பட்டு, அதிலிருந்து கசியும் ட்ரோபோனின் என்ற புரதம் ரத்தத்தில் ஏறியதா என்பது இன்னொரு கேள்வி. இரண்டும் இல்லாதவர்களில் 7.6 சதவீதம் பேர் இறந்தார்கள். பழைய இதய நோய் இருந்தும் ட்ரோபோனின் ஏறாதவர்களில் 13.3 சதவீதம். பழைய நோய் இல்லாமல் ட்ரோபோனின் ஏறியவர்களில் 37.5. இரண்டும் சேர்ந்தவர்களில் 69.4. சிறிய கூட்டம், ஒரே மருத்துவமனை, சிகிச்சை இன்னும் பிடிபடாத காலம். ஆகவே இந்தச் சதவீதங்களை இன்றைய நோயாளியின் தலையில் ஏற்றக் கூடாது. சிறுநீரகம் கெட்டவர்களுக்கும் ட்ரோபோனின் ஏறியிருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால் வரிசை எதைக் காட்டுகிறது என்று பாருங்கள். கோப்பில் எழுதியிருக்கும் பழைய நோயின் பெயரைவிட, இப்போது, இந்த வார்டில், இதயம் அடிபடுகிறதா என்பதே பெரிது. பழைய நோய் உள்ளவருக்கு அப்படி அடிபடும் வாய்ப்பு கூடுதல், அடிபட்டால் தாங்கும் திராணி குறைவு.

ஃப்ளூவிலும் இதே கதைதான். அமெரிக்காவில் 2010 முதல் 2018 வரை ஃப்ளூவுக்காக மருத்துவமனையில் சேர்ந்த 80,000க்கும் மேற்பட்ட பெரியவர்களில் ஏறத்தாழ 12 சதவீதம் பேருக்குத் தீவிர இதயச் சிக்கல் வந்தது. அவற்றில் முதலிடம் உங்கள் தந்தைக்கு வந்தது போன்ற இதயச் செயலிழப்புக்கு. அடுத்தது ரத்தக்குழாய் அடைப்பு. ஆகவே டிரிப்ஸ் ஒரு சொட்டுக்கூட ஏறாமலும் இது நடந்திருக்கலாம்.

இப்போது மாத்திரை. இதில் நான் சற்றுக் கடுமையாகவே எழுதுகிறேன். ஸ்டென்ட் வைத்தவர், அதிலும் முதல் சில மாதங்களில், ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் மாத்திரைகளைத் தாமாக நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து மாரடைப்பு வரக்கூடும். டெங்குவில் இந்த மாத்திரைகள் கவலைக்குரியவை என்பதும் உண்மையே. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) குறையும் நோயில் அவற்றை ஒட்டவிடாமல் செய்யும் மருந்து ரத்தக்கசிவை வளர்க்கும். ஆனால் நிறுத்துவதா, ஒன்றை மட்டும் நிறுத்துவதா, எந்த எண்ணிக்கையில் என்பதை ஸ்டென்ட் வைத்த தேதியையும் தட்டணு எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். தெருவில் டெங்கு என்பது காரணமாகாது. உங்கள் தந்தைக்கு வந்தது டெங்குவே இல்லையே!

டெங்கு என்றால் நீர் விஷயமும் தலைகீழ். ஃப்ளூவில் நன்றாகக் குடிக்க முடிகிறவருக்கு டிரிப்ஸ் பெரும்பாலும் தேவையில்லை. டெங்குவிலோ காய்ச்சல் இறங்கும் கட்டத்தில் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து வெளியே போய்விடுவதால், ஒன்றிரண்டு நாட்களுக்கு நீர் ஏற்றுவதே உயிர்காக்கும் சிகிச்சை. பம்பிங் குறைந்தவருக்கு அந்தக் கட்டத்தைவிட அதற்கு அடுத்த கட்டம் எனக்கு அச்சமூட்டும். கசிந்த நீரெல்லாம் திரும்பி ரத்தக்குழாய்க்குள் வரும். வீட்டாரோ “இன்னும் இரண்டு பாட்டில் ஏற்றுங்கள், அப்பா தெம்பாவார்” என்பார்கள். தட்டணு எண்ணிக்கை குறைந்ததைப் பார்த்துப் பதறி, ரத்தக்கசிவு இல்லாதபோதும் தட்டணு ஏற்றச் சொல்வதும் இப்படித்தான். 2017இல் வெளிவந்த சிங்கப்பூர், மலேசிய ஆய்வில், முன்கூட்டியே தட்டணு ஏற்றுவது ரத்தக்கசிவைக் குறைக்கவில்லை என்று கண்டார்கள். பலவீனமான இதயத்துக்கு அதுவும் கூடுதல் நீர்ச் சுமைதான்.

காசிமேடு கலை | நவம்பர் 19, மாலை 7.48

எங்கள் அம்மாவின் கதையைச் சொல்கிறேன், வால்வு நோயாளிகள் யாராவது படிக்கக்கூடும். அம்மாவுக்குச் சிறு வயதில் வந்த மூட்டுவலிக் காய்ச்சலால் வால்வு சுருங்கி, பின்னர் உலோக வால்வு வைத்தார்கள். ஒரே அறையில் எட்டுப் பேர் படுத்த வீடுகளில் தொண்டைப் புண் ஒரு பிள்ளையிடமிருந்து இன்னொரு பிள்ளைக்குத் தாவி, கவனிக்காமல் விட்டதில் அந்தக் காய்ச்சல் வந்து இப்படி வால்வு கெட்டவர்கள் எங்கள் பக்கத்தில் அம்மா வயதில் இன்னும் பலர் இருக்கிறார்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் வைரஸ் காய்ச்சல் வந்தபோது, வால்வில் ரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோம் மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டேதான் இருந்தார். ஐந்து நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பக்கத்துக் கிளினிக்கில் ஆன்டிபயாடிக்கும் கொடுத்தார்கள். ஆறாம் நாள் பல் துலக்கும்போது வாய் நிறைய ரத்தம். ரத்தம் எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். எண் 3க்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது 7ஐத் தாண்டியிருந்தது. மாத்திரையை நிறுத்தாமல் விட்டதே தவறாகிவிட்டதோ என்று நான் அழுதேன். மருத்துவர் சொன்னது இதுதான்: நிறுத்துவதும் தவறு, சோதிக்காமல் தொடர்வதும் தவறு, காய்ச்சல் வந்து சாப்பாடு குறைந்தாலோ புதிய மருந்து சேர்ந்தாலோ மூன்றாம் நாளே ஐ.என்.ஆர். பார்க்க வேண்டும். கிளினிக்கில் அசிட்ரோம் பற்றி நாங்கள் வாய் திறக்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

வண்ணை மருந்துக்கடை | நவம்பர் 19, இரவு 9.20

கடையில் நிற்பவன் என்ற முறையில் சுருக்கமாகச் சொல்கிறேன். மருத்துவமனைக்குப் போவதற்கு முந்தைய மூன்று நாட்களில்தான் பாதிக் கேடு நடக்கிறது. உடம்புவலிக்கு டைக்லோஃபெனாக் ஊசி போட்டுக்கொண்டு வருகிறார்கள். அது உடலில் உப்பையும் நீரையும் தேக்கும், சிறுநீரகத்தையும் சோதிக்கும். மூக்கடைப்புக்கு விற்கும் கூட்டு மாத்திரைகள் பலவற்றில் ரத்தக்குழாயைச் சுருக்கி அழுத்தத்தை ஏற்றும் மருந்து உண்டு. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும் என்றால், “வெறும் பாராசிட்டமாலா?” என்று முகம் சுளிக்கிறார்கள். இதய நோயாளி வீட்டிலிருந்து வருகிறவர்கள் அதை முதலில் சொல்லிவிட்டு மருந்து கேட்டால், நானே பாதியை எடுத்து வைத்துவிடுவேன்.

ராயபுரத்து ஓய்வுபெற்ற செவிலி | நவம்பர் 20, காலை 6.40

டாக்டர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். 2020 கோடையில் சென்னையிலேயே எங்கள் ராயபுரம் மண்டலத்தில் கொரோனாத் தொற்று உச்சத்தில் இருந்தபோது, சில ரத்த அழுத்த மாத்திரைகள் வைரஸுக்கு வாசல் திறந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றியது. ராமிப்ரில், டெல்மிசார்ட்டன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, அழுத்தம் 200ஐத் தொட்டு வந்தவர்களை நானே கண்டிருக்கிறேன். பிறகு பிரேசிலில் மருத்துவமனையில் சேர்ந்த 659 பேரிடம், இந்த மாத்திரைகளைத் தொடர்ந்தவர்களையும் நிறுத்தியவர்களையும் ஒப்பிட்டுச் சோதித்தார்கள். நிறுத்தியதால் எந்த நன்மையும் இல்லை என்று 2021 ஜனவரியில் முடிவு வந்தது.

ஆனால் வார்டில் மருத்துவரே சில மாத்திரைகளை ஓரிரு நாள் நிறுத்துவார், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். வாந்தி, வயிற்றுப்போக்கால் அழுத்தம் இறங்கினால் அழுத்த மாத்திரையும் நீர் மாத்திரையும் நிற்கும். சாப்பாடே இறங்காதபோது, நீரிழிவுக்கும் இதயப் பலவீனத்துக்கும் கொடுக்கும் டாபாகிளிஃப்ளோசின் நிற்கும். அவற்றை எப்போது மீண்டும் தொடங்குவது என்று டிஸ்சார்ஜ் நாளில் கேட்காமல் வீட்டுக்குப் போவதுதான் வழக்கமான பிழை. பத்து நாள் கழித்துக் கால் வீங்கித் திரும்பி வருவார்கள்.

எண்ணிப்பார்ப்பவன் | நவம்பர் 20, காலை 10.11

டாக்டருக்கு நன்றி. என் ஐயம் பாதி தீர்ந்தது. மீதிப் பாதிக்கு ஒரு கேள்வி: ஃப்ளூ தடுப்பூசி இவர்களுக்கு உண்மையிலேயே பயன் தருகிறதா, அல்லது அதுவும் ஒரு நம்பிக்கைதானா?

ஒரு பொது மருத்துவர் | நவம்பர் 20, பிற்பகல் 3.05

மாரடைப்பு வந்து சிகிச்சை பெற்ற நாட்களிலேயே ஃப்ளூ தடுப்பூசியோ வெறும் உப்புநீர் ஊசியோ போட்டு, 2,500க்கும் மேற்பட்டவர்களை ஓராண்டு பின்தொடர்ந்த சோதனை 2021இல் வெளிவந்தது. உப்புநீர் பெற்றவர்களில் 4.9 சதவீதம் பேர் இறந்தார்கள், தடுப்பூசி பெற்றவர்களில் 2.9. பம்பிங் குறைந்தவர்களிடம், இந்தியர்களையும் சேர்த்து நடந்த இன்னொரு சோதனையில் முதன்மையாக அளக்க எண்ணிய விளைவுகளில் தெளிவான வேறுபாடு வரவில்லை. ஆனால் நிமோனியாவும் மருத்துவமனைச் சேர்க்கையும் குறைந்தன. மந்திரம் இல்லை, ஆனால் நம்பிக்கை மட்டுமும் இல்லை. நம் ஊரில் ஃப்ளூ ஐப்பசி, கார்த்திகை மழையோடு ஏறுவதால், ஆவணியிலோ புரட்டாசியிலோ போட்டுக்கொள்வது பொருத்தம்.

காலடிப்பேட்டைவாசி | நவம்பர் 21, இரவு 11.15

அனைவருக்கும் நன்றி. அப்பா இன்று பொது வார்டுக்கு வந்துவிட்டார். ட்ரோபோனின் எடுத்திருக்கிறார்களா என்று கேட்டேன். இரண்டு முறை எடுத்ததில் சற்றே ஏறி இறங்கியிருக்கிறது, ஈ.சி.ஜி.யில் புதிய மாற்றம் இல்லை, ஆகவே புதிய அடைப்பு என்று கருதவில்லை என்று இம்முறை நிறுத்தி நிதானமாக விளக்கினார்கள். கேட்கத் தெரிந்து கேட்டதால் பதில் வந்தது என்று நினைக்கிறேன்.

செவிலி அம்மா கேட்ட பிளாஸ்டரைப் பற்றியும் விசாரித்தேன். அன்றிரவு அப்பாவோடு இருந்தவன் என் தம்பி. இரவு ஒன்பது மணிக்கு அவன் குடும்பக் குழுவில் போட்ட படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பாட்டில் நிரம்பியிருக்கிறது, பிளாஸ்டரில் மணிக்கு 40 மில்லி என்று நீல மையில் எழுதியிருக்கிறது. பத்தே முக்காலுக்கு, “அப்பா தூங்கிவிட்டார்” என்று போட்ட படத்தில் அதே பாட்டில் சப்பையாகத் தொங்குகிறது. அவனிடம் கேட்டேன். குழாய் கையில் இருந்தால் அப்பா புரண்டு படுக்க முடியாமல் தவிக்கிறார், சீக்கிரம் முடியட்டும் என்று சக்கரத்தைத் தள்ளிவிட்டேன் என்றான். பணி மாறிவந்த செவிலி அடுத்த பாட்டிலை மாட்டியதும் அதையும் தள்ளியிருக்கிறான்.

அதோடு முடியவில்லை. அம்மா இன்று மாத்திரை டப்பாவை எடுத்துவந்து காட்டினார். எது ரத்தம் மெலிதாக்கும் மாத்திரை என்று அப்பாவுக்குத் தெரியாததால், காய்ச்சல் வந்த முதல் நாளிலிருந்தே டப்பாவை மொத்தமாக மூடி வைத்திருக்கிறார். நீர் மாத்திரையும் அதற்குள்ளேதான் இருக்கிறது. மருத்துவமனையில் கேட்டபோது, எல்லாம் ஒழுங்காகப் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

இரண்டையும் நாளைக் காலை மருத்துவரிடம் சொல்லப் போகிறேன். தம்பியிடம் இன்னும் யாரும் எதுவும் பேசவில்லை. இன்றிரவும் அப்பாவோடு அவன்தான் இருக்கிறான், டிரிப்ஸ் இல்லை.